'தாலி இருக்கா?'ன்னு சட்டம் கேட்கலை! பாதுகாப்பு உத்தரவை யாரெல்லாம் கேட்கலாம்?

ராத்திரி எட்டரை மணி. திருநெல்வேலியில இருந்து சங்கரன்கோவில் போற பஸ், பனவடலிசத்திரம் ஸ்டாப்பில நிக்குது. கையில ஒரு கட்டைப்பை, தோள்ல தூங்குற குழந்தையோட ஒரு பொண்ணு இறங்குறா. டீக்கடை பக்கத்துல நிக்கிற பெரியம்மா ஒருத்தங்க, "என்னட்டி, திடீர்னு வந்திருக்க... அவரு வரலையா?"ன்னு கேட்கிறாங்க. "லீவு பெரியம்மா. ரெண்டு நாள்ல போயிருவேன்"னு சொல்லிட்டு, துப்பட்டாவைக் கழுத்தைச் சுத்தி இழுத்துவிட்டுக்கிட்டு வேகமா நடக்கிறா.

இது கற்பனைக் காட்சிதான். ஆனா, திருப்பூர், சென்னை, கோவைன்னு வேலைக்கும் கல்யாணத்துக்கும் பொண்ணுங்களை அனுப்பிவைக்கிற எந்த ஊர் பஸ் ஸ்டாப்புக்கும் இது புதுசு இல்லை. 2019-21-ல் எடுக்கப்பட்ட 5-வது தேசிய குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் திருமணமான 18-49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவிகிதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொல்கிறது. கிட்டத்தட்ட பத்துக்கு நாலு பேர். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கு. இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டு யாரிடமாவது போனவங்க வெறும் 14 சதவிகிதம்.

மீதிப் பேர் ஏன் போகலை? பயம், மானம், பிள்ளைங்கன்னு காரணம் நிறைய. அதோட, "நமக்கெல்லாம் சட்டத்துல இடம் இருக்கா?"ங்கிற சந்தேகமும் இருக்கு. 'நான் அவரோட சட்டப்படியான மனைவி இல்லையே', 'எனக்கு டைவர்ஸ் ஆகிருச்சே', 'அடிக்கிறது புருஷன் இல்லை, அண்ணனாச்சே', 'நான் பெத்த பையன் மேலேயே கேஸ் போடுறதா'... இப்படித் தனக்குத்தானே கதவைச் சாத்திக்கிறவங்க நிறைய பேர்.

அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். 'குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005' என்ன சொல்லுது? பாதுகாப்பு உத்தரவை யாரெல்லாம் கேட்கலாம்?

முதல்ல, பாதுகாப்பு உத்தரவுன்னா என்ன?

"போலீஸுக்குப் போனா அவரை உள்ளே வச்சிருவாவ. அப்புறம் எப்படிச் சேர்ந்து வாழுறது?" - நம்ம ஊர்ப் பக்கம் அம்மாக்கள் முதல்ல சொல்றது இதைத்தான். இந்தப் பயத்துக்குப் பதில் சொல்றதுக்காகவே வந்த சட்டம் இது. 2006 அக்டோபர் 26-ல் இருந்து நடைமுறையில் இருக்கு.

வரதட்சணைக் கொடுமை, கணவர் வீட்டுக் கொடுமைக்குன்னு ஒரு குற்றவியல் பிரிவு முன்னாடியே இருந்துச்சு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ. இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 85. அது, நடந்து முடிஞ்ச குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கிற வழி. 2005-ம் வருஷச் சட்டம் வேற மாதிரி. 'இனிமே இது நடக்கக் கூடாது'ன்னு மாஜிஸ்ட்ரேட் போடுற தடுப்பு வேலிதான் பாதுகாப்பு உத்தரவு.

அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, ஆள் வச்சு அடிக்கக் கூடாது, அவங்க வேலை பார்க்கிற இடத்துக்குப் போகக் கூடாது, குழந்தையோட ஸ்கூல் வாசல்ல போய் நிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட முடியும். நேரில், போனில், மெசேஜில்னு எந்த வழியிலேயும் தொடர்பு கொள்ளக் கூடாதுன்னும் தடுக்கலாம். அதாவது ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுக்கும் தடை. ரெண்டு பேர் பேர்லயும் இருக்கிற பேங்க் அக்கவுன்ட், லாக்கர், அவங்களோட நகைன்னு எதையும் கோர்ட் அனுமதி இல்லாம தொடக் கூடாதுன்னு சொல்லலாம். அவங்களுக்கு அடைக்கலம் கொடுத்த அப்பா, அம்மா, தோழியைத் தொந்தரவு செய்யக் கூடாதுன்னும் சொல்லலாம்.

வன்முறைன்னா ரத்தக்காயம் மட்டும்தான்னு நினைச்சுக்காதீங்க. உடல்ரீதியான வன்முறை, பாலியல் வன்முறை, வார்த்தையாலும் மனசாலும் செய்யற வன்முறை, பணரீதியான வன்முறைன்னு நாலு வகையைச் சட்டம் சொல்லுது. சம்பள ஏ.டி.எம் கார்டைப் பிடுங்கி வச்சுக்கிறது, வீட்டுச் செலவுக்குக் காசு கொடுக்காம இருக்கிறது, வேலைக்குப் போக விடாம தடுக்கிறது, 'ஆம்பளைப் பிள்ளை பெக்கலை'ன்னு தினமும் குத்திக் காட்டுறது... எல்லாமே இதுக்குள்ள வரும்.

சட்டம் கேட்கிற ரெண்டு கேள்வி

இப்போ மெயின் விஷயத்துக்கு வருவோம். இந்தச் சட்டம் 'மனைவி'ங்கிற வார்த்தையை வாசல்ல காவலுக்கு நிறுத்தலை. அது கேட்கிறது ரெண்டே கேள்விதான்.

ஒண்ணு, அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? ரத்த உறவு, திருமண உறவு, திருமணம் மாதிரியான உறவு, தத்தெடுத்த உறவு, கூட்டுக்குடும்ப உறவு - இதில் ஏதாவது ஒண்ணா இருக்கணும்.

ரெண்டு, ஒரே கூரைக்குக் கீழ வாழ்றீங்களா, இல்லை எப்போதாவது வாழ்ந்திருக்கீங்களா?

'எப்போதாவது'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் அடிக்கோடு போட்டுக்கோங்க. இப்போ பிரிஞ்சு இருந்தாலும் பரவாயில்லை. வீடு யார் பேர்ல இருக்கு, வாடகை வீடா, சொந்த வீடாங்கிறதும் இங்கே கேள்வி இல்லை. மதமும் கேள்வி இல்லை. எந்த மதத்தைச் சேர்ந்த பெண்ணா இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும்னு உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர்ல மறுபடியும் தெளிவா சொல்லியிருக்கு.

இனி ஒவ்வொருத்தரா பார்க்கலாம்.

மனைவி... முன்னாள் மனைவியும்தான்

மனைவி கேட்கலாம்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். பிரிஞ்சு அம்மா வீட்டில் இருக்கிற மனைவியும் கேட்கலாம். நீதிமன்றமே 'தனியா வாழலாம்'னு தீர்ப்பு கொடுத்த பிறகும், கணவரிடம் மாட்டிக்கிட்ட தன் நகையையும் சீதனத்தையும் இந்தச் சட்டத்தில் திரும்பக் கேட்கலாம்னு 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. விவாகரத்து ஆகிருச்சுன்னாலும், சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நடந்த வன்முறைக்கு நிவாரணம் கேட்கிற உரிமை போயிடாதுன்னு அதுக்கு முந்தின வருஷமே, 2014-ல் ஒரு தீர்ப்பு வந்திருக்கு.

"ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போடலைன்னா அவ்ளோதான்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணில், தாமதமா வந்தாங்கங்கிற காரணத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணோட மனுவை ரத்து பண்ணிருச்சு. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை மாத்தி, இந்த மனு போடுறதுக்கு ஒரு வருஷக் கெடு கிடையாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு.

லிவ்-இன்ல இருக்கிறவங்க

இது கோயம்புத்தூர்ல ஆரம்பிச்ச கதை. 'வேலுசாமி எதிர் பச்சையம்மாள்' வழக்கு. அந்தப் பெண், '1986-ல் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு'ன்னு சொல்லி, 2001-ல் கோவை குடும்பநல நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்டாங்க. அவரோ, 'எனக்கு 1980-லேயே வேற ஒருத்தங்களோட கல்யாணம் ஆகிருச்சு'ன்னு சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2010 அக்டோபர் 21-ல் வந்த தீர்ப்பில், 'திருமணம் மாதிரியான உறவு'ன்னா என்னன்னு முதல் தடவையா நீதிபதிகள் விளக்கினாங்க.

ரெண்டு பேரும் கணவன் மனைவி மாதிரி ஊருக்குத் தெரிய வாழ்ந்திருக்கணும். ரெண்டு பேருக்கும் திருமண வயசு ஆகியிருக்கணும். ரெண்டு பேரும் திருமணம் செய்யத் தகுதியானவங்களா, அதாவது வேற கல்யாணத்தில் இல்லாதவங்களா இருக்கணும். விருப்பப்பட்டு, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்கணும். வார இறுதியில சந்திச்சுப் பிரியறதெல்லாம் கணக்கில் வராது.

2013-ல் இன்னொரு தீர்ப்பு இதை இன்னும் விரிவாக்குச்சு. எவ்வளவு காலம் சேர்ந்திருந்தாங்க, வரவு செலவு ஒண்ணா பார்த்தாங்களா, வீட்டு வேலையைப் பகிர்ந்துக்கிட்டாங்களா, குழந்தை இருக்கா, நண்பர்கள், சொந்தக்காரங்க முன்னாடி எப்படிப் பழகினாங்கன்னு பல விஷயங்களை நீதிமன்றம் சேர்த்துப் பார்க்கும். அதனால லிவ்-இன்ல இருக்கிற தோழிகளே... ரெண்டு பேர் பேரும் போட்ட வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், ஒரே முகவரி இருக்கிற அடையாள அட்டை, போட்டோ எல்லாம் வெறும் நினைவுகள் இல்லை. நாளைக்குச் சாட்சியா நிக்கும்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லணும். அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்குன்னு தெரிஞ்சே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு, அந்த 2013 வழக்கில் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கலை. ஆனா, இப்படிப்பட்ட பெண்களும் அவங்க குழந்தைகளும் நிர்க்கதியா நிக்கிறாங்கன்னு நீதிபதிகளே கவலைப்பட்டு, நாடாளுமன்றம் இதைக் கவனிக்கணும்னு சொன்னாங்க. முதல் கல்யாணத்தை மறைச்சு ஏமாத்தியிருந்தா நிலைமை வேற. அந்த விவரத்தை மனுவில் ஒண்ணுவிடாம எழுதணும்.

கணவரை இழந்தவங்க

கருமாதி முடிஞ்ச மறுவாரமே, "இனி உனக்கு இங்கே என்னம்மா இருக்கு?"ன்னு மாமியார் வீட்டில் கேட்கிற கேள்விக்கு, சட்டத்தில் பதில் இருக்கு. உத்தராகண்ட்ல இருந்து வந்த ஒரு வழக்கில், கல்யாணமாகி ஒரு மாசத்துக்குள்ளேயே கணவர் விபத்தில் இறந்துட்டார். அந்தப் பெண் கணவர் வீட்டில் சேர்ந்து வாழவே இல்லையேன்னு கீழ்மட்டத்தில் வாதம் போச்சு. 2022 மே 12-ல் உச்ச நீதிமன்றம், நேரில் அங்கே குடியிருக்கலைன்னாலும், குடியிருக்கிற உரிமை இருந்தாலே போதும்னு சொல்லிருச்சு. கூட்டுக்குடும்பமா இருந்து, அண்ணன் தம்பிகள் சேர்ந்து கடை நடத்தின ஒரு வீட்டில், இறந்தவரோட மனைவிக்கும் குழந்தைக்கும் கணவரோட சகோதரர் ஜீவனாம்சம் கொடுக்கணும்ங்கிற உத்தரவை 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சிருக்கு.

அம்மா, அக்கா, தங்கச்சி, மகள்

இதுதான் ரொம்பப் பேருக்குத் தெரியாத இடம். குடிச்சிட்டு வந்து பென்ஷன் பணத்தைப் பிடுங்குற மகன் மேல அம்மா மனு போடலாம். போனைப் பிடுங்கி உடைச்சு, ரூம்ல பூட்டி வைக்கிற அண்ணன் மேல தங்கச்சி போடலாம். அப்பா மேல மகள் போடலாம். 'காலேஜுக்குப் போகாதே', 'நாங்க சொல்ற ஆளைத்தான் கட்டிக்கணும்'னு பலவந்தப்படுத்துறதையும் வன்முறையா இந்தச் சட்டத்தின் கீழ் வர்ற படிவம் குறிப்பிடுது. கல்யாணம் ஆகாத மகளுக்கு, வயசு எத்தனையா இருந்தாலும் இந்தச் சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்கிற உரிமை இருக்குன்னு 2024 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னதும் இதே வரிசைதான்.

ஆரம்பத்தில் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்துச்சு. 'வயதுவந்த ஆண்' மேல மட்டும்தான் மனு போட முடியும்னு எழுதியிருந்தாங்க. மும்பையில் ஓர் அம்மாவும் மகளும் சேர்ந்து மகன், மருமகள், இன்னும் ரெண்டு மகள்கள் மேல மனு போட்டப்போ இந்தச் சிக்கல் வெடிச்சது. 'ஹர்சோரா' வழக்குன்னு அதைச் சொல்வாங்க. 2016 அக்டோபர் 6-ல் உச்ச நீதிமன்றம் அந்த 'வயதுவந்த ஆண்'ங்கிற வார்த்தைகளையே சட்டத்தில் இருந்து நீக்கிருச்சு. அதனால இன்னிக்கு மருமகள், மாமியார் மேலயும் நாத்தனார் மேலயும் மனு போடலாம். கொடுமைப்படுத்துற மருமகள் மேல மாமியாரும் போடலாம். ஒரே ஒரு வரம்பு இருக்கு. 'வீட்டை விட்டு வெளியே போ'ன்னு சொல்ற உத்தரவைப் பெண்களுக்கு எதிரா போடக் கூடாதுன்னு சட்டத்திலேயே எழுதியிருக்கு.

திருநங்கைகள்

பாலின மாற்று அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்ட ஒரு திருநங்கை, கணவர் மேல இந்தச் சட்டத்தில் மனு போட்டாங்க. 'அவங்க எப்படிப் பெண் ஆவாங்க?'ன்னு கணவர் தரப்பு கேட்டுச்சு. 2023 மார்ச்ல மும்பை உயர் நீதிமன்றம், அவங்களும் இந்தச் சட்டம் சொல்ற பாதிக்கப்பட்ட பெண்தான்னு தீர்ப்பு சொல்லிருச்சு.

யாரெல்லாம் இந்த வழியில் வர முடியாது?

கதவு பெருசுதான், ஆனா எல்லாருக்கும் இல்லை. தெரியாம போய் நின்னு நேரத்தை வீணாக்கக் கூடாதுங்கிறதுக்காக இதையும் சொல்லிடுறோம்.

ஆண்கள் இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்க முடியாது. அவங்களுக்கு நடக்கிற அடி, மிரட்டல் எல்லாம் குற்றம்தான். அதுக்கு வழக்கமான போலீஸ் புகார் வழி இருக்கு. 60 வயசைத் தாண்டின அப்பாவோ தாத்தாவோன்னா, '2007-ம் வருஷ பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்' இருக்கு. ஆர்.டி.ஓ ஆபீஸில் மனு கொடுக்கலாம்.

காதலிச்சாங்க, சேர்ந்து வாழலை, இப்போ அவன் பின்னாடியே சுத்தித் தொல்லை கொடுக்கிறான்... இது இந்தச் சட்டத்துக்குள்ள வராது. ஆனா, பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கிறது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 78-ன்படி குற்றம். தமிழ்நாட்டுக்குன்னே 1998-ல் வந்த பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டமும் இருக்கு.

வீட்டு வேலை செய்யறவங்களுக்கும் முதலாளிக்கும் இடையில் குடும்ப உறவு இல்லைங்கிறதால இந்தச் சட்டம் பொருந்தாது. பாலியல் தொல்லைன்னா, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013-ம் வருஷச் சட்டத்தில் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுகிட்ட புகார் கொடுக்கலாம்.

அவங்களுக்குப் பதிலா நீங்க கேட்கலாமா?

கேட்கலாம்! பாதிக்கப்பட்ட பெண்ணே வரணும்னு அவசியம் இல்லை. அவங்க சார்பா பாதுகாப்பு அலுவலரோ, 'வேறு எந்த நபரும்' மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு கொடுக்கலாம்னு பிரிவு 12 சொல்லுது. தோழி, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், தம்பின்னு யாரா வேணாலும் இருக்கலாம்.

மனு அளவுக்குப் போக வேண்டாம், தகவல் மட்டும் சொல்றேன்னாலும் சரி. 'அந்த வீட்டில் இப்படி நடக்குது'ன்னு பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேணும்னாலும் சொல்லலாம். நல்ல எண்ணத்தில் சொன்ன தகவலுக்காக உங்க மேல எந்த வழக்கும் வராதுன்னு பிரிவு 4 உறுதி கொடுக்குது. ஒரே ஒரு வேண்டுகோள்... முடிஞ்ச வரைக்கும் அந்தப் பெண்ணைத் தனியா பார்த்து, "உனக்குச் சம்மதமா?"ன்னு கேட்டுட்டுச் செய்யுங்க. தகவல் போனது தெரிஞ்சா அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குள்ள அடி வாங்கப்போறது அவங்கதான். அவங்க உயிருக்கே ஆபத்துன்னா யோசிக்காம 112-ஐ அழைங்க.

பனவடலிசத்திரத்தில் இருந்து எங்கே போகணும்?

நம்ம கற்பனைப் பொண்ணுகிட்ட திரும்பப் போவோம். அவங்க கல்யாணம் பண்ணிப் போனது திருப்பூர். அடி விழுந்ததும் அங்கேதான். அப்போ கேஸ் போட ஒவ்வொரு தடவையும் திருப்பூருக்கு பஸ் ஏறணுமா? வேண்டாம்.

பிரிவு 27 என்ன சொல்லுதுன்னா, பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாவோ தற்காலிகமாவோ எங்கே குடியிருக்காங்களோ, இல்லை எங்கே வேலை பார்க்கிறாங்களோ, அந்த ஊருக்கான மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே மனு போடலாம். அம்மா வீடு பனவடலிசத்திரம்னா, சங்கரன்கோவில் ஜே.எம் கோர்ட் போதும். அவர்தான் அங்கே இருந்து வரணும்.

எப்படி ஆரம்பிக்கிறது? நாலு வழி இருக்கு.

1. 181-க்கு போன் பண்ணுங்க. பெண்களுக்கான இலவச உதவி எண். இந்த மாவட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலர் யார், எங்கே இருக்கார், தங்க இடம் கிடைக்குமான்னு கேளுங்க.

2. பாதுகாப்பு அலுவலரை நேரில் பாருங்க. தமிழ்நாட்டில் இவங்க சமூகநலத் துறையின் கீழ் வர்றவங்க. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதால, நீங்க போக வேண்டியது தென்காசிக்கு. நடந்ததைக் கேட்டு 'குடும்ப நிகழ்வு அறிக்கை'ன்னு ஒரு படிவத்தில் எழுதி, மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புவாங்க. மருத்துவப் பரிசோதனை, காப்பகம் ரெண்டுக்கும் ஏற்பாடு செய்யறதும் அவங்க கடமை. அலுவலர் வேலையைச் செய்யாம தட்டிக்கழிச்சா அவருக்கே தண்டனை உண்டுன்னு சட்டத்தில் இருக்கு.

3. போலீஸ் ஸ்டேஷன் போனாலும் சரி. வர்ற பெண்ணிடம், 'உனக்குப் பாதுகாப்பு உத்தரவு கேட்கிற உரிமை இருக்கு, பாதுகாப்பு அலுவலர் இருக்கார், இலவச வக்கீல் கிடைப்பார், வேணும்னா குற்றவியல் புகாரும் கொடுக்கலாம்'னு சொல்ல வேண்டியது காவல் அதிகாரியின் கடமை. "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க"ன்னு அனுப்பிவைக்கிறது அந்தக் கடமைக்கு எதிரானது.

4. நேரா கோர்ட். அலுவலரோட அறிக்கை இல்லாமலேயும் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம்னு 2022 தீர்ப்பு சொல்லியிருக்கு. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படாதீங்க. வருமானம் எவ்வளவா இருந்தாலும், பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்க. 15100-க்கும் போன் பண்ணலாம்.

மனு போட்ட பிறகு?

மனு கிடைச்ச 3 நாளைக்குள் முதல் விசாரணை தேதி கொடுக்கணும், 60 நாளைக்குள் முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொல்லுது. உண்மையைச் சொல்லணும்னா, எல்லா இடத்திலும் இந்த வேகம் கிடையாது. பாதுகாப்பு அலுவலர்கள் போதாம இருக்கிறதைப் பார்த்து, மாவட்ட, தாலுகா அளவில் அவங்களை நியமிக்கச் சொல்லி 2025 மே மாசம் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது.

அதனாலதான் இடைக்கால உத்தரவு முக்கியம். வழக்கு முடியற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு தோணினா, மனுவோட ஒரு உறுதிமொழிப் பத்திரம் சேர்த்து, எதிர்த்தரப்பு வர்றதுக்கு முன்னாடியே உத்தரவு கேட்கலாம். மனு போடும்போதே வக்கீல்கிட்ட "இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்க"ன்னு சொல்ல மறக்காதீங்க.

அதே மனுவில் இன்னும் சிலதையும் கேட்கலாம். வீட்டை விட்டு வெளியே தள்ளக் கூடாதுங்கிற வசிப்பிட உத்தரவு, ஜீவனாம்சம், மருத்துவச் செலவு, குழந்தை தற்காலிகமா உங்ககிட்ட இருக்கிறதுக்கான உத்தரவு, இழப்பீடு. வீடு மாமனார் பேர்ல இருக்குன்னு சொல்லி மருமகளை வெளியே அனுப்ப முடியாதுங்கிறதை 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிருச்சு. வீட்டில் அமைதி வர்றதுக்குக் கணவரை வெளியே அனுப்பறது ஒண்ணுதான் வழின்னா, அப்படியே உத்தரவு போடணும்னு 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு.

"இதனால அவர் ஜெயிலுக்குப் போயிருவாரா?" மனு போட்டதுக்காகப் போக மாட்டார். இது சிவில் தன்மையுள்ள நடவடிக்கை, எதிர்த்தரப்பைக் குற்றவாளி மாதிரி நடத்தக் கூடாதுன்னு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் விளக்கியிருக்கு. ஆனா, உத்தரவு வந்த பிறகு அதை மீறினா கதை மாறும். ஒரு வருஷம் வரைக்கும் சிறை, 20,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டும் கிடைக்கலாம். அது ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் இல்லை. உத்தரவோட நகலை உங்களுக்கு இலவசமா கொடுக்கணும். போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

போன்லயே செய்யக்கூடிய சில விஷயங்கள்

இன்னிக்கு மனு போடுறீங்களோ இல்லையோ, ஆதாரத்தைச் சேர்த்து வைங்க. மிரட்டல் மெசேஜை டெலீட் பண்ணாம தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. காயம் இருந்தா போட்டோ எடுங்க. அரசு மருத்துவமனை ஓ.பி சீட்டைப் பத்திரப்படுத்துங்க. டாக்டர்கிட்ட "கீழே விழுந்துட்டேன்"னு சொல்லாம, நடந்ததைச் சொல்லுங்க. ஆதார், கல்யாண போட்டோ, குழந்தையோட பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் எல்லாத்தையும் நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பிட்டு, உங்க போன்ல இருக்கிறதை அழிச்சிடுங்க. அவருக்கு உங்க போன் பாஸ்வேர்டு தெரியும்னா, இந்தக் கட்டுரையைப் படிச்ச ஹிஸ்டரியையும் சேர்த்து அழிங்க.

ஆதாரமே இல்லையேன்னு பின்வாங்கவும் வேண்டாம். நாலு சுவத்துக்குள்ள நடக்கிறதுக்கு யார் சாட்சி வருவாங்க? சட்டம் இயற்றினவங்களுக்கும் இது தெரியும். பாதுகாப்பு உத்தரவை மீறினதா வழக்கு வந்தா, பாதிக்கப்பட்ட பெண்ணோட சாட்சியத்தை மட்டும் வச்சே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம்னு பிரிவு 32 சொல்லுது.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரங்களுக்கு ஆடித்தபசு தெரியும். கோமதி அம்மன் தவமிருக்கிற கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் அது. அதனாலயோ என்னவோ, பொண்ணுங்க பொறுமையா காத்திருந்தா எல்லாம் சரியாகிடும்னு நம்ம வீடுகளில் இன்னமும் சொல்றாங்க. அம்மன் தவமிருந்தது விரும்பி. அடி வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கிறது தவம் இல்லை.

அடுத்த தடவை பஸ் ஸ்டாப்பில கட்டைப்பையோட ஒரு பொண்ணு இறங்குறதைப் பார்த்தா, "அவரு வரலையா?"ன்னு கேட்காதீங்க. "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேளுங்க. அவங்களே பேச ஆரம்பிச்சா, 181-ங்கிற நம்பரைச் சொல்லுங்க. "நான் அவருக்குச் சட்டப்படி யாருமே இல்லையே"ன்னு சொன்னாங்கன்னா, "ஒரே வீட்டில் இருந்தீங்கல்ல? அப்போ கேட்டுப் பார்க்கலாம்மா, வா, நானும் கூட வர்றேன்"னு சொல்லுங்க.